தெளிப்பானுக்கு முந்திய உப்பு

பிப்ரவரி 9

வாய் ஓயாத என் தங்கை ரேடியோவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் அண்ணி போட்ட சட்டத்தை மதித்து இதை எழுதுகிறேன். நாம் இருவரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் மீன், பால் என்று சண்டை, நான்காவது நிமிடத்தில் யாராவது ஒருவர் போனை வைத்துவிடுகிறோமாம். "இனிமே ரெண்டு பேரும் கடிதாசிதான். கவரை ஒட்டுறதுக்குள்ள கோபம் ஆறிடும்" என்கிறாள். அவசரம் என்றால் அவளும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வார்களாம். நாற்பத்தோரு வயதில் எனக்கு இந்த நிலைமை.

மீன், முட்டை, பால் மூன்றையும் நீ விட்டு மூன்று வருடம் ஆகிறது. மாடு ஏற்றிய வேகன் நீ வேலை பார்க்கும் ரயில்வே ஸ்டேஷனில் பதினோரு மணி நேரம் நின்றது, அதைப் பார்த்தாய், விட்டாய். சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மீன் குஞ்சுகூட அந்த வேகனில் இல்லையே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

வழக்கம்போல ஐந்து கிலோ உப்பு பார்சலில் வருகிறது. பாக்கெட் உப்பு இல்லை, எங்கள் உப்பு ஆலை ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் உப்பு. கழுவி அரைத்த உப்பு பெல்ட்டில் வரும்போது, தெளிப்பானுக்குக் கீழே போகும் முன்பே வாளியில் பிடித்துவிடுவோம். தெளிப்பான்தான் அயோடின் மருந்தை அடிக்கிறது. அதன் பிறகு ருசி போய்விடும் என்பது எங்கள் ஆலையின் பழைய நம்பிக்கை. மருந்து ஊருக்கு, ருசி எங்களுக்கு. ஊருக்குப் போகிற உப்பில் மருந்து சரியாக இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் சோதித்து எழுதுகிறவன் உன் அண்ணன்தான். அந்த வகையில் ஊர் பத்திரமாக இருக்கிறது.

பதில் போடு.

அண்ணன்

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள். இவர் நன்றாக இருக்கிறார். லிப்ட் பழுது பார்க்கிறவருக்கு எந்நேரமும் ஏற்றம்தானே என்று யாராவது சொன்னால் இன்னும் சிரிக்கிறார், பாவம்.

உப்பு வந்தது. கடை உப்பு வாங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது என்று இவரிடம் பெருமையாகச் சொன்னேன். இவருக்கு எங்கள் வீட்டு உப்பைப் பற்றி என்ன தெரியும், மதியம் ஒர்க்ஷாப் கேன்டீனில் இரண்டு முட்டையை முழுங்கிவிட்டு வருகிறவர்.

எனக்குக் கொஞ்ச நாளாக அசதி. அறிவிப்பு அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருகிறேன். மற்றவர்கள் வியர்த்து வழிகிறார்கள். குரலும் கனத்துவிட்டது. "ஏம்மா, கிணத்துக்குள்ள இருந்தா பேசுறீங்க?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுவிட்டார். போன செவ்வாய்க்கிழமை நாலாம் பிளாட்பார வண்டியை ஒன்பதாம் பிளாட்பாரம் என்று சொல்லிவிட்டேன். முந்நூறு பேர் மூட்டை முடிச்சோடு படியேறி இறங்கினார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு பெரியம்மா என்னைத் திட்டியது மைக்கிலும் கேட்டது.

வேறு விசேஷம் இல்லை. அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

தங்கை

மார்ச் 16

ரேடியோ,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் படித்ததில் இருந்து எனக்கு மட்டும் சுகம் இல்லை.

அசதி, குளிர், குரல் கட்டு, மறதி. இதற்குப் பெயர் பட்டினி. நாய் பூனைகூட மீன் தின்கிறது. சரி சரி, அண்ணி பின்னால் நின்று படிக்கிறாள், கோபப்படக் கூடாதாம். மரியாதையாகச் சொல்கிறேன்: உடனே ஒரு டாக்டரைப் போய்ப் பார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் எழுது. இல்லாவிட்டால் கழுத்தைப் பிடித்து ஒரு துண்டு மீனை ஊட்டுவதற்கு நான் வண்டி ஏறி வந்துவிடுவேன். உன் குரலில் அந்த வண்டியை நீயே அறிவிக்க வேண்டியிருக்கும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி.

முதல் செய்தி: நீ மாமா ஆகப்போகிறாய். பதினோரு வாரம். ஆறு வருடம் காத்திருந்தாயிற்று, போன கடிதம் எழுதும்போதே சந்தேகம் இருந்தது. சொல்லிவிட்டு இல்லையென்று ஆகிவிடுமோ என்ற பயத்தில் எழுதவில்லை.

இரண்டாவது செய்தி: டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். நான் விழுங்கும்போது கழுத்தையே பார்த்தார். பிறகு விரலால் தடவிப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்க அனுப்பினார். கழுத்துச் சுரப்பி வீங்கியிருக்கிறது. வேலை செய்ய அதற்கு அயோடின் வேண்டும், அது எனக்குப் போதவில்லை.

"பால்?" "இல்ல." "முட்டை?" "இல்ல." "மீன்?" "இல்ல." "சோயா பால் குடிக்கிறீங்களே, அயோடின் சேர்த்ததா?" பாக்கெட்டின் பின்பக்கத்தை நான் படித்ததே இல்லை. உப்பைப் பற்றியும் கேட்டார். சொன்னேன்.

முதல் மாதங்களில் குழந்தைக்குச் சொந்தச் சுரப்பி வேலை செய்யாதாம். அம்மாவின் சுரப்பியை நம்பித்தான் அது தன் மூளையைக் கட்டுகிறதாம். ஆறு வருடம் வராமல் வந்த பிள்ளைக்கு நான் என்ன கொடுத்தேன், என்ன கொடுக்காமல் விட்டேன் என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். "பயப்படாதீங்க, நேரத்துக்கு வந்துட்டீங்க" என்கிறார். சுரப்பிக்கு ஒரு மாத்திரை, அயோடினோடு சேர்ந்த கர்ப்பகால மாத்திரை ஒன்று. மீன் தின்றே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, அதை நீ அடிக்கோடிட்டுக்கொள். மறுபடி பரிசோதனை இருக்கிறது. பிறந்த பிறகு குழந்தைக்கும் ஒன்று.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

தங்கை

ஏப்ரல் 24

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்துக்கும் மாப்பிள்ளையின் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறோம். மாமா ஆகப்போவதில் மிக்க மகிழ்ச்சி. வெயில் பரவாயில்லை.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் ஆறு உப்பு பாக்கெட், ஆலை முத்திரையோடு. பழைய உப்பில் ஈரம் ஏறியிருக்கும், அதைக் கொட்டிவிடு. ஒரு பிடிகூட வைத்துக்கொள்ள வேண்டாம். புதிய பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, சமையல் முடிந்தபின் போடு. கடல்பாசிப் பொடியும் ஒரு டப்பா இருக்கிறது, அதில் அயோடின் நிறைய உண்டு என்று விசாரித்தேன். தினமும் இரண்டு ஸ்பூன் சாப்பிடு.

மாத்திரையை மறக்காதே. வேறு ஒன்றும் இல்லை.

அண்ணன்

மே 5

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும், இல்லை மூவரும் நலம். உன் கடிதத்தில் ஒரு திட்டுகூட இல்லை. இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்திலும் இல்லை. உடம்பு சரியாக இருக்கிறதா?

பார்சல் வந்தது. பழைய உப்பைக் கொட்டிவிட்டேன். நீ சொன்னதுபோல ஈரம் ஏறித்தான் இருந்தது.

பாசிப் பொடியை டாக்டரம்மாவிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். டப்பாவை வாங்கித் தன் மேஜை இழுப்பறைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார். "இதுல ஒரு ஸ்பூன்ல பல நாளைக்கு வேண்டியது மொத்தமா இருக்கலாம். எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. இந்தச் சுரப்பிக்குக் கம்மியும் ஆகாது, ஜாஸ்தியும் ஆகாது" என்றார். உப்பையும் கூடுதலாக அள்ளிப் போட வேண்டாமாம். எப்போதும் போடுகிற அளவுதான், அயோடின் சேர்த்ததாக இருந்தால் போதும், மீதியை மாத்திரை பார்த்துக்கொள்ளும்.

அண்ணிக்கு என் அன்பு. சீக்கிரம் எழுது, திட்டியே எழுது.

தங்கை

ஜூன் 22

அண்ணா,

அங்கே எல்லோரும் நலம்தானா? ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தால் இப்போது தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார்.

மறுபடி ரத்தம் பார்த்தார்கள். சுரப்பி மந்தமானால் ஏறுகிற எண் இறங்கி, வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. ஸ்கேனில் பிள்ளை வளர வேண்டிய அளவுக்கு வளர்ந்திருக்கிறது. சால்வையை மடித்து வைத்துவிட்டேன். என் குரலும் திரும்பிவிட்டது. நேற்று ஸ்டேஷன் மாஸ்டர் கதவைத் திறந்து, "இப்பதாம்மா வண்டி வருதுன்னு நம்புறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி பிறந்ததும் குழந்தைக்குக் குதிகாலில் எடுக்கும் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

இவ்வளவு நல்ல செய்தி எழுதியிருக்கிறேன். இதற்கும் பதில் இல்லையென்றால் அண்ணியின் சட்டத்தை மீறி போன் செய்வேன்.

தங்கை

ஜூன் 29

என் அருமை நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நலமாக இருப்பது தெரிந்து மனசு குளிர்ந்தது. உன் அண்ணன் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான்.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் நம் சமையலறை உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போனார். சோதனைக் கரைசலை விட்டால் அயோடின் உள்ள உப்பு நீலமாகுமாம். இந்த உப்பு வெள்ளையாகவே இருந்ததாம். நாலு தடவை பார்த்தாராம். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஊரு உப்பையெல்லாம் மணிக்கு மணி சோதிச்சேன். என் தங்கச்சிக்கு அனுப்புனதைச் சோதிக்கலையே. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் காரணம்" என்று சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

மறுநாள் மேலாளரிடம் போய், பெல்ட்டில் முன்னால் வாளி பிடிப்பதை நிறுத்த வேண்டும், வீட்டுக்குக் கொடுப்பதானால் தெளிப்பானுக்குப் பிறகே கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆட்கள் சிரித்திருக்கிறார்கள். "நாங்க இருபது வருசமா தின்னுட்டு நல்லாத்தானே இருக்கோம்" என்று கேட்டவர்களை நிற்க வைத்து, அவர்கள் வீட்டில் யார் மீன் தின்பதில்லை, யார் பால் குடிப்பதில்லை, யார் பிள்ளைத்தாய்ச்சி என்று ஒவ்வொருவராக விசாரித்தாராம். இப்போது யாரும் வாளி பிடிப்பதில்லை.

உனக்கு எட்டுக் கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டார். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். போன் சட்டம் போட்ட என் வாயைத்தான் அடிக்க வேண்டும். ஆனாலும் போன் செய்யாதே, உன் குரலைக் கேட்டால் இன்னும் உடைந்துபோவார். எழுது.

அண்ணி

ஜூலை 8

அன்புள்ள என் அண்ணனுக்கு,

நானும் வயிற்றில் உதைக்கிறவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

உன் உப்பில் ஈரம் ஒன்றும் ஏறியிருக்கவில்லை. மணல்போல உதிர்ந்தது. டாக்டரம்மா உப்பைப் பற்றிக் கேட்டாரே, அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. "எங்க வாங்குறீங்க?" "எங்க அண்ணன் அனுப்புறாரு." "அண்ணன் என்ன வேலை பாக்குறாரு?" ரேடியோ என்று பெயர் வாங்கிய வாய் அங்கே அடைத்துக்கொண்டது. "தையல் கடை வச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டேன். உன்னைத் தையல்காரன் ஆக்கியதற்கு மன்னித்துக்கொள். அந்த அறையில் வைத்து உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல நான் விடமாட்டேன் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் கடையில் அயோடின் உப்பு வாங்கினேன், உன் பாக்கெட் வருவதற்கு முன்பே. உன்னிடம் சொன்னால் தாங்க மாட்டாய் என்று மறைத்தேன். நீயும் மறைத்தாய். இரண்டு பேரும் ஈரத்தின் மேல் பழி போட்டோம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். உன் வீட்டிலும் அதே உப்புதான். ஆனால் உன் தட்டில் மீன் இருக்கிறது, முட்டை இருக்கிறது, இரண்டு வேளை பால் இருக்கிறது. உப்பில் இல்லாதது அவற்றில் வந்துவிடுகிறது. நான் அவற்றை நிறுத்தினேன். நிறுத்தியதற்கு வருத்தம் இல்லை, இனியும் தொடப்போவதில்லை. ஆனால் நிறுத்துகிறவள், அவற்றோடு என்னென்ன நின்றுபோகும் என்று ஒருவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன்னோடு சண்டை போடுவதிலேயே மூன்று வருடம் போய்விட்டது. ஆகவே பாதித் தப்பு என்னுடையது. சின்ன வயதில் இருந்தே எதைப் பிரித்தாலும் பெரிய பங்கை நீ எடுத்துக்கொள்வாய். இதை எடுக்க விடமாட்டேன்.

எனக்கு அண்ணன் வேண்டும். பிள்ளைக்கு மாமா வேண்டும். எழுது.

ரேடியோ

ஜூலை 21

ரேடியோ,

நலமாக இருக்கிறாயா? நான் நேற்று வரை இல்லை, இன்று பரவாயில்லை.

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஆமாம், என் உப்புதான். எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. உன் பாதியை நீ வைத்துக்கொள், நான் பிடுங்கவில்லை. ஆனால் என் பாதி கனமாகத்தான் இருக்கிறது. அந்தக் குதிகால் பரிசோதனைத் தாள் வரும்வரை அது இறங்காது. பிறந்த செய்தியை மாப்பிள்ளை உன் அண்ணிக்குப் போனில் சொல்லட்டும். தாளைப் பற்றி மட்டும் நீ எழுது. காதால் கேட்டால் நம்ப மாட்டேன், கண்ணால் பார்க்க வேண்டும்.

தையல் கடை என்றாயே, எனக்கு ஒரு பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது. வேறு நல்ல வேலை கிடைக்கவில்லையா உனக்கு?

மீனைப் பற்றி இனி வாய் திறக்க மாட்டேன். இது சத்தியம். பாலைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன்.

அண்ணன்

நவம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் உன் மருமகளும் நலம். பத்து நாள் ஆகிவிட்டது, மூன்று கிலோ இருந்தவள் கொஞ்சம் இளைத்து மறுபடி ஏறியிருக்கிறாள். குரலில் என்னைத் தூக்கிச் சாப்பிடுகிறாள். பிரசவ அறையில் இருந்த நர்ஸ், "இதுக்கு மைக்கே வேணாம்" என்றார்.

குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தபோது அவளும் அழுதாள், நானும் அழுதேன், இவர் வெளியே போய் ஆஸ்பத்திரி லிப்டைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். இன்று தாள் வந்தது. அதையே உள்ளே வைத்திருக்கிறேன். சுரப்பி என்று எழுதியிருக்கும் வரியைப் பார். 3.4. பத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை என்கிறார்கள். "சுரப்பி ஒழுங்கா வேலை செய்யுது, போய் நிம்மதியாத் தூங்குங்க" என்று டாக்டரம்மா சிரித்தார்.

நீ வீட்டுக்குப் போகிறவரை பொறுக்க முடியாமல் ஆலை விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

ரேடியோ

நவம்பர் 10

என் ரேடியோவுக்கு,

நீயும் குட்டியும் நலம் என்று தாளிலேயே பார்த்துவிட்டேன், கேட்க வேண்டியதில்லை.

கடிதம் காலை பத்தரைக்கு வந்தது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கழிவறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடி கழுவ வேண்டியிருந்தது. அதற்குள் பதினோரு மணி. உப்பை எடுத்தேன், சோதித்தேன், பதிவேட்டில் எண்ணை எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்தே நிமிடத்தில் பெல்ட் நின்றுவிட்டது. ஆலை முழுக்க ஒரே அமைதி. மேற்பார்வையாளர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார். "யோவ், மூணு புள்ளி நாலா? தெளிப்பான் அடைச்சுக்கிச்சா? ஒரு மணி நேரச் சரக்கு போச்சேய்யா!" எட்டிப் பார்த்தேன். முப்பத்திரண்டு என்று இருக்க வேண்டிய கட்டத்தில் என் கையெழுத்தில் 3.4. உப்பில் மருந்து அவ்வளவு குறைந்தால் மூட்டை பிடித்ததையெல்லாம் திரும்பக் கொட்ட வேண்டும்.

நாற்பது பேர் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். சட்டைப் பையில் இருந்த தாளை எடுத்து நீட்டினேன். ஒருவர் படித்து அடுத்தவருக்குக் கொடுத்தார். வாளி பிடிப்பதை நிறுத்தச் சொன்னபோது என்னைப் பார்த்து அதிகம் சிரித்த பெல்ட் ஆபரேட்டர், தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எங்கள் பதிவேட்டில் தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தேன். முப்பத்திரண்டு என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் "மருமகள் நலம்" என்று எழுதினேன். மேற்பார்வையாளர் அதைப் படித்தார், கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு பெல்ட்டை ஓட்டச் சொன்னார்.

அண்ணன்